பிரான்சின் கடல்கடந்த நிலப்பகுதிகளும் அவற்றின் சட்ட நிலைகளும்

பிரான்சின் கடல்கடந்த நிலப்பகுதிகள் என்பவை ஐரோப்பாவுக்கு வெளியே, கரிபியன், தென் அமெரிக்கா, வட அத்திலாந்திக்கு, இந்தியப் பெருங்கடல், பசிபிக்கு, அண்டார்க்டிக்கா ஆகிய இடங்களில் பிரெஞ்சுக் குடியரசின் கீழ் இருக்கும் பகுதிகள் ஆகும். பழைய குடியேற்றப் பேரரசின் எஞ்சிய துண்டுகளான இவற்றில் இன்று ஏறத்தாழ 28 இலட்சம் மக்கள் வாழ்கின்றனர். பிரான்சின் மிக நீண்ட நில எல்லை செருமனியுடனோ எசுப்பானியாவுடனோ அமைந்ததன்று. பிரெஞ்சு கயானா வழியாகப் பிரேசிலுடன் அமைந்ததே அது. அதன் நீளம் சுமார் 730 கிலோமீட்டர்.

இப்பகுதிகள் அனைத்தும் ஒரே குடியரசைச் சேர்ந்தவை. இவற்றின் மக்கள் பிரெஞ்சுக் குடிமக்கள். குடியரசுத் தலைவர் தேர்தலில் வாக்களிப்பவர்கள். பாரிசு நாடாளுமன்றத்துக்குத் தங்கள் உறுப்பினர்களை அனுப்புபவர்கள். ஆனால் பாரிசில் ஒரு சட்டம் நிறைவேறினால் அது ரீயூனியனில் தானாகவே செல்லும்; பிரெஞ்சு பொலினீசியாவில், அங்கும் செல்லும் என்று அச்சட்டத்திலேயே எழுதியிருந்தால்தான் செல்லும்; நியூ கலிடோனியாவில் அந்தப் பொருள் குறித்துச் சட்டமியற்றும் உரிமையே பாரிசுக்கு இல்லாமல் போயிருக்கலாம். இவ்வேறுபாடு ஒரே நாளில் வரைந்த திட்டத்தின் விளைவன்று. அடிமை முறை, குடியுரிமைப் போராட்டம், வாக்கெடுப்பு, கலவரம், மீன்பிடி உரிமை எனப் பல காரணங்கள் வெவ்வேறு காலங்களில் அதை உருவாக்கின.

பெயரும் உரிமையும்

ஒரு நிலப்பகுதிக்குத் தரப்படும் சட்டப் பெயருக்கும் அங்கு வாழ்பவருக்குக் கிடைக்கும் உரிமைக்கும் எவ்வளவு தொலைவு இருக்க முடியும் என்பதற்கு அல்சீரியா சிறந்த எடுத்துக்காட்டு. 1848-இல் அல்சியர்சு, ஒரான், கான்சுடன்டைன் ஆகிய மூன்றும் பிரான்சின் மாவட்டங்களாக அறிவிக்கப்பட்டன. வரைபடத்தில் அவை பிரான்சுதான். ஆனால் அங்கிருந்த இசுலாமியர் பிரெஞ்சு ‘குடிகள்’ மட்டுமே, குடிமக்கள் அல்லர். 1865-ஆம் ஆண்டுச் சட்டப்படி, குடிமகனாக விரும்பியவர் திருமணம், வாரிசுரிமை ஆகியவற்றில் தம் சமயச் சட்டத்தைக் கைவிட வேண்டும். அவ்வாறு கைவிட முன்வந்தோர் மிகச் சிலரே. மண் பிரான்சின் மாவட்டம், மக்கள் அதன் குடிகள் என்ற இந்த முரண் ஒரு நூற்றாண்டுக்கு மேல் நீடித்து, போரில் முடிந்தது. 1962-இல் அல்சீரியா விடுதலை பெற்றது.

இதே கேள்வி புதுச்சேரி, காரைக்கால், மாகி, ஏனாம், சந்திரநாகூர் ஆகிய பிரெஞ்சு இந்தியப் பகுதிகளில் வேறு வடிவில் எழுந்தது. இங்குள்ள இந்தியர் தம் இந்து அல்லது இசுலாமியத் தனிநபர் சட்டத்தை வைத்துக்கொண்டே வாக்களிக்கலாம். 1871 முதல் இப்பகுதிகள் பாரிசு நாடாளுமன்றத்தில் இடம் பெற்றிருந்தன. அல்சீரியருக்குக் கிடைக்காத ஒன்று இது. எனினும் பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தின்கீழ் முழுமையாக வர விரும்பியவர்களுக்காக 1881 செப்டம்பர் 21 அன்று ஓர் ஆணை வெளியானது. அதன்படி தம் தனிநபர் சட்டத்தைத் துறப்பதாக எழுதிக் கொடுத்து, குடும்பப் பெயர் ஒன்றைச் சூட்டிக்கொண்டவர்கள் ‘துறந்தோர்’ எனப் பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லால் அழைக்கப்பட்டனர். இவ்வியக்கத்தின் முன்னோடி வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை. ஐரோப்பியக் காலணி அணிந்து நீதிமன்றத்தில் தோன்றியதற்காக 1873-இல் அவர் தடுக்கப்பட்டார். வழக்கைப் பாரிசு வரை கொண்டுசென்று வென்றார். பின்னர் ‘லா போர்த்’ என்ற பெயரைச் சூடிக்கொண்டார். அப்பெயருக்குக் ‘கதவு’ என்பது பொருள்.

தமிழ் வழியினரின் கதை கடலுக்கு அப்பாலும் தொடர்ந்தது. 1848-இல் பிரெஞ்சுக் குடியேற்றங்களில் அடிமை முறை ஒழிக்கப்பட்டது. ரீயூனியனில் மட்டும் 60,000-க்கு மேற்பட்டோர் அவ்வாண்டு டிசம்பர் 20 அன்று விடுதலை பெற்றனர். கரும்புத் தோட்ட முதலாளிகள் அவர்களுக்கு மாற்றாக ஒப்பந்தக் கூலிகளைத் தேடினர். புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்களிலிருந்து ரீயூனியனுக்கும் குவாதலூப், மார்த்தினிக் தீவுகளுக்கும் ஆயிரக்கணக்கானோர் கப்பலேறினர். இந்தியத் தொழிலாளரை ஏற்றிய முதற்கப்பலான ‘ஒரேலி’ 1854 டிசம்பரில் குவாதலூப்பை அடைந்தது. அவர்களின் பிள்ளைகள் அங்கேயே பிறந்தும் நீண்டகாலம் குடிமக்களாகக் கருதப்படவில்லை. குவாதலூப்பில் பிறந்த என்றி சிதம்பரம், இந்திய வழியினரை வாக்காளர் பட்டியலில் சேர்க்கக் கோரி 1904-இல் தொடங்கிய வழக்கு நெடுநாள் இழுத்தது. 1923-இல்தான் பிரெஞ்சு அரசு அவ்வுரிமையை ஏற்றது. வாக்குரிமைக்காக ஒரு மனிதர் பத்தொன்பது ஆண்டுகள் போராடிய அதே தீவு, அடுத்த கால் நூற்றாண்டுக்குள் பிரான்சின் முழு மாவட்டமாயிற்று.

1946: மாவட்டமாகும் கோரிக்கை

இரண்டாம் உலகப் போருக்குப் பின் உலகெங்கும் குடியேற்ற நாடுகள் விடுதலை கேட்ட வேளையில், கரிபியத் தீவுகளும் ரீயூனியனும் நேர்மாறான ஒன்றைக் கேட்டன: பிரான்சோடு இன்னும் நெருக்கமாகச் சேர வேண்டும் என்பதே அது. இன்றைய கண்ணுக்கு இது வியப்பாகத் தோன்றலாம். அன்றைய தோட்டத் தொழிலாளியின் நிலையிலிருந்து பார்த்தால் வியப்பில்லை. குடியேற்றம் என்றால் ஆளுநரின் ஆட்சி, தோட்ட முதலாளியின் செல்வாக்கு. மாவட்டம் என்றால் பிரான்சின் தொழிலாளர் சட்டம், சமூகக் காப்பீடு, பள்ளி, மருத்துவமனை. விடுதலை பெற்றால் ஆட்சி தோட்ட முதலாளிகளின் கையில்தான் போய்ச்சேரும் என்ற அச்சமும் இருந்தது.

இச்சட்டத்தை நாடாளுமன்றத்தில் முன்வைத்து வாதிட்டவர், மார்த்தினிக்கின் உறுப்பினரும் கருப்பின எழுச்சியின் கவிஞருமான எமே செசேர். 1946 மார்ச் 19 அன்று நிறைவேறிய சட்டம் குவாதலூப், மார்த்தினிக், பிரெஞ்சு கயானா, ரீயூனியன் ஆகிய நான்கையும் கடல்கடந்த மாவட்டங்களாக்கியது. அதே ஆண்டு மே 7-ஆம் நாள், செனெகல் உறுப்பினர் லமீன் கையேயின் பெயரால் அறியப்படும் சட்டம், பேரரசின் குடிகள் அனைவரையும் குடிமக்கள் என அறிவித்தது. எஞ்சிய பெரும்பாலான குடியேற்றங்கள் ‘கடல்கடந்த ஆட்புலம்’ என்ற புதுப்பெயர் பெற்றன. பிரெஞ்சு இந்தியாவும் அவற்றுள் ஒன்று.

சட்டம் தந்த சமத்துவம் சம்பளப் பட்டியலுக்கு வந்துசேரப் பலகாலம் ஆயிற்று. பெருநிலப் பிரான்சிலிருந்து வந்த அரசு ஊழியருக்குத் தனிப்படி, உள்ளூரில் பிறந்தவருக்கு இல்லை என்ற நிலையை எதிர்த்து 1953-இல் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. குறைந்தபட்ச ஊதியம் பெருநிலப் பிரான்சுக்கு இணையாக்கப்பட்டது 1996 சனவரியில்தான்; அதாவது மாவட்டமாகி அரை நூற்றாண்டு ஆன பிறகு. செசேரே ஏமாற்றமடைந்தார். 1956-இல் பொதுவுடைமைக் கட்சியை விட்டு வெளியேறி, 1958-இல் தாம் தொடங்கிய மார்த்தினிக் முற்போக்குக் கட்சியின் வழியே தன்னாட்சி கோரலானார்.

பிரிந்து சென்றவை

1958 செப்டம்பர் 28 அன்று தெ கோலின் புதிய அரசியலமைப்பின் மீது வாக்கெடுப்பு நடந்தது. ‘வேண்டாம்’ என்று வாக்களிக்கும் ஆட்புலம் உடனே விடுதலை பெறும் என அறிவிக்கப்பட்டிருந்தது. கினி மட்டும் வேண்டாம் என்றது. அக்டோபர் 2 அன்று தனிநாடானது. மற்ற ஆப்பிரிக்க ஆட்புலங்களில் பெரும்பாலானவை 1960-இல் விடுதலை பெற்றன.

பிரெஞ்சு இந்தியா அதற்கு முன்பே வேறு வழியில் சென்றுவிட்டது. 1946 அரசியலமைப்பின்படி, மக்களின் இசைவின்றி எந்த நிலத்தையும் பிரான்சு கைவிட முடியாது. சந்திரநாகூர் 1949 வாக்கெடுப்பின் வழி இந்தியாவோடு சேர்ந்தது. புதுச்சேரி, காரைக்கால் முதலிய பகுதிகளுக்காக 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் மக்கள் பேராளர்கள் 178 பேர் கூடினர். அவர்களில் 170 பேர் இணைப்பை ஆதரித்தனர். நவம்பர் 1 அன்று ஆட்சி கைமாறியது. ஆனால் சட்டப்படியான ஒப்படைப்பு ஒப்பந்தம் 1956 மே 28-இல் கையெழுத்தாகி, 1962 ஆகத்து 16-இல்தான் நடைமுறைக்கு வந்தது. இடைப்பட்ட ஏறத்தாழ எட்டாண்டுகள் புதுச்சேரி நடைமுறையில் இந்தியாவாகவும் ஏட்டளவில் பிரான்சாகவும் இருந்தது. 1962-க்குப் பின் ஆறு மாதங்களுக்குள் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தக்கவைத்துக்கொள்வதாக எழுதிக் கொடுத்தவர்கள் பிரெஞ்சுக்காரராகவே நீடித்தனர். இன்றும் பிரெஞ்சுத் தேர்தல்களின்போது புதுச்சேரியில் வாக்குச்சாவடி அமைவது இதனால்தான்.

பிரிவின் மிகக் கசப்பான வடிவம் கொமொரோசில் நேர்ந்தது. 1974 டிசம்பர் 22 அன்று நடந்த வாக்கெடுப்பில் நான்கு தீவுகளில் மூன்று ஏறக்குறைய ஒருமனதாக விடுதலையை விரும்பின. மயோட்டே மட்டும் பெரும்பான்மையாக மறுத்தது. முடிவைத் தீவுக்கூட்டம் முழுமைக்கும் ஒன்றாகக் கணக்கிடுவதா, தீவு தீவாகவா என்பதே சிக்கல். பிரான்சு தீவு தீவாகக் கணக்கிட்டது. 1975 சூலை 6-இல் கொமொரோசு தானாகவே விடுதலையை அறிவித்தது. 1976 பிப்ரவரி வாக்கெடுப்பில் மயோட்டே 99 விழுக்காட்டுக்கு மேல் பிரான்சோடு இருக்க வாக்களித்தது. குடியேற்ற நாட்டின் எல்லையைப் பிரியும் வேளையில் உடைக்கக்கூடாது என்ற அடிப்படையில் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை பிரான்சைக் கண்டித்தது.

73-ஆம், 74-ஆம் பிரிவுகள்

இன்றைய ஏற்பாடு 1958 அரசியலமைப்பில் 2003 மார்ச் 28-இல் செய்யப்பட்ட திருத்தத்தை ஒட்டியது. ‘கடல்கடந்த ஆட்புலம்’ என்ற பழைய வகை அப்போது நீக்கப்பட்டது. 73-ஆம் பிரிவின் கீழ் குவாதலூப், மார்த்தினிக், பிரெஞ்சு கயானா, ரீயூனியன், மயோட்டே ஆகிய ஐந்தும் வருகின்றன. இங்குப் பிரான்சின் சட்டங்கள் தாமாகவே செல்லும். உள்ளூர் நிலைமைக்கேற்பச் சில மாற்றங்கள் செய்யலாம். 74-ஆம் பிரிவின் கீழ் பிரெஞ்சு பொலினீசியா, வலிசு-புட்டூனா, செயிண்ட் பியர்-மிக்கலோன், செயிண்ட் மார்டின், சென் பார்த்தெலெமி ஆகியவை வருகின்றன. இவை ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் சட்டம் உண்டு. எந்தெந்தப் பொருளில் பாரிசின் சட்டம் செல்லும் என்பதை அதுவே வரையறுக்கிறது. நியூ கலிடோனியாவுக்கு அரசியலமைப்பில் தனி இயலே ஒதுக்கப்பட்டுள்ளது.

இந்த இரண்டு பிரிவுகளுக்கு இடையே எங்கு நிற்பது என்பது தீவுகளின் உள்நாட்டு அரசியலில் ஓயாத விவாதம். ரீயூனியன் மிக உறுதியான நிலை எடுத்தது. 73-ஆம் பிரிவின்கீழ் மற்ற மாவட்டங்களுக்குக் கிடைத்த, குறிப்பிட்ட சில பொருள்களில் தாமே விதிகளை வகுத்துக்கொள்ளும் வாய்ப்பு ரீயூனியனுக்குப் பொருந்தாது என்ற வரி 2003-இல் அரசியலமைப்பிலேயே சேர்க்கப்பட்டது. அதைச் சேர்க்கச் செய்தவர் அத்தீவின் மேலவை உறுப்பினர் சான்-பால் விராப்புல்லே. ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற தமிழர் வழிவந்தவர் அவர். தன்னாட்சி என்பது விடுதலைக்குச் செல்லும் படிக்கட்டு என்பது அவர் தரப்பு வாதம். பாரிசின் சட்டத்திலிருந்து விலகும் உரிமையே வேண்டாம் என்று ஒரு நிலப்பகுதி தன்னைத்தானே கட்டிக்கொள்வது அரிய நிகழ்வு. குடியுரிமைக்காகத் தலைமுறைகள் காத்திருந்த ஒரு சமூகத்தின் நினைவையும் அதன் பின்னணியில் வைத்துப் பார்க்கலாம்.

மார்த்தினிக்கும் பிரெஞ்சு கயானாவும் 2010 சனவரி 10 அன்று 74-ஆம் பிரிவுக்கு மாறுவதைப் பெரும்பான்மையாக மறுத்தன. இரண்டு வாரம் கழித்து, 73-ஆம் பிரிவுக்குள் இருந்தபடியே மாவட்ட அவையையும் மண்டல அவையையும் ஒன்றாக்க இசைந்தன. ஒரே நிலப்பரப்புக்கு இரண்டு அவைகள் இருந்த குழப்பம் 2016-இல் அவ்விடங்களில் நீங்கியது. பிரெஞ்சு கயானாவில் வேறொரு விந்தை எஞ்சியுள்ளது: அரசையும் சமயத்தையும் பிரித்த 1905-ஆம் ஆண்டுச் சட்டம் அங்குச் செல்லாது. 1828-ஆம் ஆண்டு அரச ஆணையின்படி, கத்தோலிக்கப் பாதிரியார்களுக்கு இன்றும் பொதுப்பணத்திலிருந்து ஊதியம் வழங்கப்படுகிறது. மன்னராட்சி போய் எத்தனையோ குடியரசுகள் வந்தும் அந்த ஆணை போகவில்லை.

மயோட்டே எதிர்த்திசையில் நடந்தது. 2009 மார்ச் வாக்கெடுப்பில் 95 விழுக்காட்டினர் ஆதரிக்க, 2011 மார்ச் 31-இல் அது பிரான்சின் 101-ஆவது மாவட்டமாயிற்று. பெரும்பான்மையோர் இசுலாமியரான இத்தீவில் காதிகளின் நீதி வழங்கும் அதிகாரமும் பலதார மணமும் சட்டத்திலிருந்து நீங்கின. எழுபது கிலோமீட்டர் தொலைவிலுள்ள கொமொரோசின் அஞ்சுவான் தீவிலிருந்து வருவோருக்கு 1995 முதல் நுழைவிசைவு கட்டாயம். அதற்கு முன் உறவினர் வீட்டுக்குப் போய்வருவது போலிருந்த பயணம், அதன்பின் இரவில் சிறு படகில் உயிரைப் பணயம் வைத்துச் செல்லும் பயணமாக மாறியது; பலர் மூழ்கி இறந்துள்ளனர். பிரெஞ்சு மண்ணில் பிறந்தோர் பின்னர்க் குடியுரிமை பெறும் விதியும் 2018-இல் இத்தீவுக்கு மட்டும் கடுமையாக்கப்பட்டது. முழுச் சமத்துவம் கேட்டு மாவட்டமான ஓரிடத்தில் குடியுரிமைச் சட்டமே மற்ற மாவட்டங்களிலிருந்து வேறுபடுவது இவ்வரலாற்றின் கூர்மையான முரண்களுள் ஒன்று.

செயிண்ட் பியர்-மிக்கலோனின் கதை சுருக்கமானது. நியூபவுண்ட்லாந்துக்கு அருகில் ஏறத்தாழ 6,000 பேர் மட்டும் வாழும் இத்தீவுகள் 1976-இல் மாவட்டமாக்கப்பட்டன. ஐரோப்பியச் சுங்க விதிகள் அவற்றின் வணிகத்துக்கும் மீன்பிடிக்கும் பொருந்தாமற்போக, 1985-இல் அந்நிலை திரும்பப் பெறப்பட்டது. சென் பார்த்தெலெமியும் செயிண்ட் மார்டினின் பிரெஞ்சுப் பகுதியும் 2007-இல் குவாதலூப்பிலிருந்து பிரிந்தன. அவற்றுள் சென் பார்த்தெலெமி 1784 முதல் 1878 வரை சுவீடனுக்கு உரியதாக இருந்த தீவு.

வலிசு-புட்டூனாவில் குடியரசுக்குள் மூன்று அரசர்கள் இருக்கின்றனர். 1961 சூலை 29-ஆம் நாள் சட்டம் உவேயா, அலோ, சிகாவே ஆகிய மூன்று மரபு அரசுகளையும் அவற்றின் வழக்கங்களையும் ஏற்கிறது. அரசர்களுக்குப் பிரெஞ்சு அரசு படி வழங்குகிறது. நகராட்சி என்ற அமைப்பே அங்கில்லை. 1793-இல் தன் அரசனின் தலையை வெட்டிய நாடு, பசிபிக்கில் மூன்று அரசர்களுக்கு மாதப்படி கொடுத்துக்கொண்டிருக்கிறது.

பிரெஞ்சு பொலினீசியா 2004-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ்ப் பரந்த தன்னாட்சி உடையது. அதற்கெனத் தலைவர், அவை, வரிகள், பசிபிக்குப் பிராங்கு நாணயம் ஆகியவை உண்டு. பாதுகாப்பு, வெளியுறவு, நீதி, காவல் ஆகியவை பாரிசின் கையில் உள்ளன. பாதுகாப்பைப் பாரிசு வைத்துக்கொண்டதன் பொருளை இத்தீவுமக்கள் 1966 முதல் 1996 வரை கண்டனர்: மொருரோவா, பங்கட்டாவ்பா பவளத் தீவுகளில் 193 அணுகுண்டுச் சோதனைகள் நடத்தப்பட்டன. அவற்றுள் நாற்பதுக்கு மேற்பட்டவை திறந்த வெளியில் நிகழ்ந்தவை. 2013 மே மாதம் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை இதைத் தன்னாட்சி பெறாத ஆட்புலங்களின் பட்டியலில் மீண்டும் சேர்த்தது.

மக்களே இல்லாத பகுதிகளுக்கும் சட்ட நிலை உண்டு. கெர்கேலன், குரோசே, அடேலி நிலம் முதலியவை அடங்கிய தென்முனை நிலங்கள் 1955-இல் தனி ஆட்புலமாயின. அங்கு இருப்போர் ஆய்வாளரும் படையினருமே. மடகாசுகருக்கு அருகிலுள்ள சிதறிய தீவுகள் 2007-இல் அதனோடு சேர்க்கப்பட்டன. பசிபிக்கின் கிளிப்பர்டன் தீவு மெக்சிகோவுக்கு அன்றிப் பிரான்சுக்கே உரியது என 1931-இல் தீர்ப்பளித்தவர் இத்தாலிய மன்னர். ஆளில்லாத இப்பாறைகளைச் சுற்றிய கடலுக்கு மதிப்பு அதிகம். பிரான்சின் சிறப்புப் பொருளாதாரக் கடற்பரப்பு ஏறத்தாழ ஒரு கோடிச் சதுர கிலோமீட்டர். அதில் மிகப்பெரும் பகுதி கடல்கடந்த நிலங்களால் கிடைத்தது.

நியூ கலிடோனியா

மற்ற அனைத்திலிருந்தும் நியூ கலிடோனியா வேறுபட்டது. 1853-இல் பிரான்சு கைப்பற்றிய இத்தீவு 1864 முதல் தண்டனைக் குடியேற்றமாகவும் பின்னர் நிக்கல் சுரங்க நிலமாகவும் ஆயிற்று. மண்ணின் மக்களான கனாக்குகள் நிலம் இழந்து ஒதுக்கப்பகுதிகளுக்குள் தள்ளப்பட்டனர். 1878-இல் கிளர்ந்த தலைவர் அத்தாயின் தலை வெட்டப்பட்டுப் பிரான்சுக்கு அனுப்பப்பட்டது. அது கனாக்குகளிடம் திரும்பியது 2014-இல். நிக்கல் விலை உயர்ந்த காலத்தில் வெளியிலிருந்து பலர் வந்து குடியேற, கனாக்குகள் தம் மண்ணிலேயே சிறுபான்மையாயினர். எனவே இங்கு ‘யார் வாக்காளர்’ என்பதே எல்லாவற்றுக்கும் முந்திய கேள்வியாயிற்று.

1988 ஏப்ரலில் உவேயா தீவில் விடுதலை ஆதரவாளர் காவலர்களைப் பிணையாகப் பிடித்தனர். மே 5 அன்று நடந்த தாக்குதலில் 19 கனாக்குகளும் 2 படைவீரரும் இறந்தனர். அடுத்த மாதமே மத்தின்யோன் உடன்பாடு கையெழுத்தானது. அதில் ஒப்பமிட்ட கனாக்குத் தலைவர் சான்-மரீ சிபாவு, மறு ஆண்டு மே 4-இல் உவேயாவில் அஞ்சலிக்குச் சென்ற இடத்தில் கனாக்கு ஒருவராலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். உடன்பாடு மட்டும் உயிர் பிழைத்தது.

1998 மே 5-ஆம் நாள் நூமேயா உடன்பாடு பிரெஞ்சுச் சட்ட மரபில் முன்னெப்போதும் இல்லாத சிலவற்றை ஏற்றது. நியூ கலிடோனியக் குடியுரிமை என்ற ஒன்று பிரெஞ்சுக் குடியுரிமைக்குள்ளேயே உருவானது. தீவின் பேரவை இயற்றும் ‘நாட்டுச் சட்டங்கள்’ நாடாளுமன்றச் சட்டத்துக்கு இணையான தகுதி பெற்றன. பாரிசு ஒப்படைத்த அதிகாரங்களைத் திரும்பப் பெற முடியாது. மாகாணத் தேர்தல்களில் 1998-க்குப் பின் வந்து குடியேறியோருக்கு வாக்கில்லை. இதை உறுதிசெய்ய 2007-இல் அரசியலமைப்பே திருத்தப்பட்டது. எல்லாக் குடிமக்களுக்கும் சம வாக்கு என்ற குடியரசின் அடிப்படை, குடியேற்றத்தின் பிழையைத் திருத்துவதற்காக இங்கு வளைக்கப்பட்டது.

உடன்பாட்டின்படி மூன்று வாக்கெடுப்புகள் நடந்தன. 2018-இல் 56.7 விழுக்காட்டினரும், 2020-இல் 53.3 விழுக்காட்டினரும் விடுதலையை மறுத்தனர். இடைவெளி குறைந்துகொண்டே வந்தது. மூன்றாவது வாக்கெடுப்பு 2021 டிசம்பர் 12-இல் நடந்தபோது, கொரோனாவில் இறந்தோருக்கான துக்கக் காலம் முடியாததால் தள்ளிவைக்குமாறு கனாக்குகள் கேட்டனர், பாரிசு மறுத்தது. அவர்கள் புறக்கணிக்க, 44 விழுக்காட்டுக்கும் குறைவானோரே வாக்களித்தனர். அவர்களில் 96 விழுக்காட்டுக்கு மேல் ‘வேண்டாம்’ என்றனர். சட்டப்படி முடிவு தெளிவானது. அரசியல்படி அது எதையும் முடித்துவைக்கவில்லை.

2024 மே மாதம், பத்தாண்டுகள் வாழ்ந்தோருக்கு மாகாண வாக்குரிமை தரும் அரசியலமைப்புத் திருத்தம் பாரிசில் விவாதத்துக்கு வந்தபோது நூமேயா பற்றி எரிந்தது. பத்துக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர், நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது, திருத்தம் கைவிடப்பட்டது. 2025 சூலை 12-இல் பூசிவால் என்னுமிடத்தில் புதிய உடன்பாடு ஒன்று எட்டப்பட்டது. பிரெஞ்சுக் குடியரசுக்குள்ளேயே ‘நியூ கலிடோனிய அரசு’ ஒன்றையும் அதற்கெனத் தனி நாட்டினமையையும் அது முன்மொழிந்தது. அடுத்த மாதமே கனாக்கு விடுதலை முன்னணி அதை ஏற்க மறுத்துவிட்டது.